தட்டை முகமும் நீள மூக்கும்

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் இல்லத்தில் ஒரு விவாதம் எழுவது வழக்கமாகிவிட்டது. எங்கே செல்வது என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பரங்கிப்பேட்டையிலும் நாகூரிலும் அத்தா வழிச் சொந்தங்கள் இருக்கின்றனர். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவர்கள் முகம் பார்த்து வருவது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் தொடரும் பழக்கம். எந்த வண்டியில் செல்வது என்பதில்தான் வீடு இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறது.

அத்தா துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் பழமைக் கட்சி. இராயபுரத்தில் வசிக்கும் பெரியத்தா மகனிடமும் என் மைத்துனரிடமும் ஆளுக்கொரு மாருதி ஆம்னி இருக்கிறது. "இரண்டு ஆம்னியில் 14 பேரும் தாராளமாகப் போகலாம். எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே போகலாம். வீட்டில் வண்டி இருக்கும்போது வெளியே எதற்கு வாடகை?" என்பது அவர் வாதம். கல்லூரியில் பயிலும் என் அக்காள் மகன் புதுமைக் கட்சி. "நன்னா, அந்த வண்டிக்கு மூக்கே இல்லையே! எதிரே ஏதாவது வந்தால் முதலில் இடிபடுவது நம் முழங்கால்தானே?" என்று அவன் கேட்பான். அத்தா சிரித்துக்கொண்டே, "நாங்கள் எல்லாரும் அப்படித்தானே போய் வந்தோம்!" என்பார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வாடகைப் பணம் பற்றிய சிறு சச்சரவு. சற்று ஆழ்ந்து நோக்கினால், நாம் நேசித்த ஒரு பொருளை எந்த அளவுக்கு நேசிக்கலாம், எந்த இடத்தில் அதை விட்டு விலக வேண்டும் என்ற கேள்வி அதனுள் இருக்கிறது. ஆகவேதான் இதை எழுதத் துணிந்தேன்.

வண்டிகளோடு வளர்ந்த பகுதி

வட சென்னைவாசிகளுக்கு வண்டிகளைப் பற்றிப் பேசுவது புதிதன்று. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிய நிறுவனத்தின் ஆலை எண்ணூரில் இருக்கிறது. என்ஃபீல்டு புல்லட் 1950களின் நடுவிலிருந்து திருவொற்றியூரோடு பிணைந்த பெயர். துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகள் எங்கள் சாலைகளில் இரவும் பகலும் வரிசை கட்டி நிற்கும். எங்கள் மதரசாவுக்கு வரும் சிறுவர்கள் ஹாரன் ஓசையைக் கேட்டே எந்த வண்டி என்று சொல்லிவிடுவார்கள்.

இத்தகைய பகுதியிலும், குடும்பங்களின் உள்ளத்தில் தனி இடம் பிடித்த வண்டி மும்பைக்கு அப்பால் புனேயிலிருந்து வந்ததுதான். அதன் பெயர் மெட்டடார்.

மெட்டடாரின் பூர்வீகம்

மெட்டடாரை உருவாக்கியவர்கள் ஜெர்மானியர்கள். டெம்போ என்ற நிறுவனம் 1949இல் அந்நாட்டில் மெட்டடார் என்ற பெயரில் ஒரு வண்டியை வெளியிட்டது. முதலில் அதற்குப் பொருத்தப்பட்டது ஃபோக்ஸ்வாகன் எஞ்சின். பின்னர் வேறு எஞ்சின்களும், வேறு உருவங்களும் வந்தன. நம் நாட்டில் 1958இல் தோன்றிய பஜாஜ் டெம்போ நிறுவனம் 1960களின் இறுதியிலிருந்து மெட்டடாரைத் தயாரித்து, ஏறத்தாழ 30 ஆண்டுகள் விற்றது. அந்நிறுவனம்தான் 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நம் மக்கள் நாவில் 'டெம்போ' என்பது சரக்கு வேனுக்கே பொதுப்பெயராகிவிட்டது.

அந்த வண்டியில் அப்படி என்ன சிறப்பு? இரண்டு செய்திகளைச் சொல்லலாம்.

முதலாவது, அதன் எஞ்சின் முன்சக்கரங்களையே இயக்கியது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் நீண்ட இரும்புத் தண்டு அடியில் ஓடவில்லை. ஆகையால் வண்டியின் தளத்தைத் தாழ்வாக அமைக்க முடிந்தது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் பிறர் கைத்தாங்கல் இன்றி ஏறினார்கள்.

இரண்டாவது, அதன் முகம் தட்டையானது. ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்துகொள்வார். எஞ்சின் அவருக்குப் பக்கத்தில் ஒரு மூடிக்குள் இருக்கும். முன்னால் மூக்கு நீளாததால் வண்டியின் நீளம் முழுவதும் மனிதருக்கும் மூட்டை முடிச்சுகளுக்கும் கிடைத்தது. பட்டறையில் கொடுத்து, இரு பக்கமும் நீள இருக்கை போட்டு, சன்னலுக்குத் திரை மாட்டிவிட்டால் அது நகரும் கூடமாகிவிடும்.

1990களின் தொடக்கத்தில், நான் பள்ளிச் சிறுவனாக இருந்த நாட்களில், எங்கள் பயணம் அத்தகைய வண்டியில்தான். செங்கல்பட்டு, திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் என்று 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் வழி. சுபுஹுத் தொழுகை முடிந்ததும் புறப்படுவோம். மேலே கேரியரில் பாய்களும் தேக்சாவும் மண்ணெண்ணெய் அடுப்பும் இருக்கும். உள்ளே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். நடுவே கீழே விரித்த பாயில் பிள்ளைகள். புளியந்தோப்பு ஒன்றைக் கண்டால் வண்டி நிற்கும். நன்னி இறங்கி நிழலையும் தண்ணீர் வசதியையும் பார்த்துத் தலையசைத்த பிறகே அடுப்பு இறங்கும். சமையல், உணவு, தொழுகை, சிறு உறக்கம் என எல்லாம் அந்த வண்டியைச் சுற்றியே நடைபெறும். இரவில் ஆண்கள் வெளியே பாய் விரிப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் திரை இழுத்துவிட்டு உள்ளேயே உறங்குவார்கள். மேலைநாட்டார் படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேனை உல்லாசப் பயணத்துக்கென விலைக்கு வாங்குகிறார்கள். நாங்கள் அதற்குப் பெயரே தெரியாமல் அப்படி வாழ்ந்து வந்தோம்.

அந்தப் பயணங்களில்தான் எங்கள் குடும்பத்தின் வரலாறு எனக்குத் தெரிய வந்தது. யார் யாருக்கு எந்த வழியில் உறவு, யாருக்கு யார் கடன்பட்டிருந்தார், எந்தத் திருமணம் எதனால் தள்ளிப்போனது என்பதெல்லாம் அந்த எதிரெதிர் இருக்கைகளில் பேசப்பட்டவை. பின்னாளில் கல்லூரியில் வரலாறு பயின்றேன். முதல் வகுப்பு அந்த வண்டியில்தான் நடந்தது என்று சொன்னால் மிகையாகாது. ஆகவே அத்தாவின் ஏக்கம் எனக்குப் புரியாத ஒன்றன்று.

உலகமெங்கும் இதே ஏக்கம்

இந்த ஏக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. டச்சு நாட்டு வணிகர் பென் பான் என்பவர் 1947இல் தம் குறிப்பேட்டில் வரைந்த ஒரு கிறுக்கலிலிருந்து பிறந்தது ஃபோக்ஸ்வாகன் வேன். 1950இல் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டுகளிலேயே ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் அமைத்துத் தரத் தொடங்கிற்று. தட்டை முகமும் வட்ட விளக்குகளும் கொண்ட அந்த வண்டியைத் தாயார் படம்போலப் பேணுகிறவர்கள் இன்றும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே 2022இல் அதே சாயலில் மின்சாரத்தில் ஓடும் ஐ.டி. பஸ் என்ற வண்டியை அந்நிறுவனம் வெளியிட்டது. ஆனால் உற்று நோக்கினால், பழையதன் தட்டை முகம் அங்கே இல்லை. வண்ணமும் சாயலும் மட்டுமே வந்தன. முன்னால் ஒரு சிறு மூக்கு சேர்ந்தே வந்துவிட்டது.

ஏன் சேர்ந்தது என்பதற்கு விடை பிரேசில் நாட்டில் இருக்கிறது. அங்கே அந்தப் பழைய வேன் 2013 இறுதிவரை தயாராகிக்கொண்டிருந்தது. 2014 முதல் புதிய கார், வேன்களில் காற்றுப்பையும், சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் இருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கூறியது. பழைய உடலில் அவற்றைப் புகுத்த வழியில்லை. உற்பத்தி நின்றது. நம் நாட்டில் 1984இல் மாருதி வேன் என்று வந்து, பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்ற வண்டிக்கும் அதே முடிவுதான். மோதல் சோதனையைக் கட்டாயமாக்கும் விதிகள் வந்தபோது, 35 ஆண்டுகள் ஓடிய அதன் உற்பத்தி 2019இல் நிறுத்தப்பட்டது. உலகின் இரு கோடிகளில், மக்கள் மிகவும் விரும்பிய இரு வண்டிகளும் ஒரே காரணத்தால் விடைபெற்றன. விற்பனை குறைந்ததால் அவை போகவில்லை என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

மூக்கின் பயன்

என் அக்காள் மகன் விளையாட்டாகக் கேட்ட கேள்வியில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. வண்டி மோதும்போது, அதன் வேகம் எங்கேனும் செலவழிந்தே ஆக வேண்டும். முன்பக்கம் நீண்டிருந்தால், அந்தத் தகடும் சட்டமும் மடிந்து நசுங்கி வேகத்தைத் தம்மீது வாங்கிக்கொள்ளும். மடிவதற்கென்றே அவற்றை இப்போது வடிவமைக்கிறார்கள். மூக்கு இல்லாத வண்டியில் மடிய வேண்டியது எதுவும் முன்னால் இல்லை. மெல்லிய தகட்டுக்குப் பின்னால் இருப்பது ஓட்டுநரின் கால்.

மெட்டடாரையும் ஆம்னியையும் நாம் எதற்காக நேசித்தோமோ அதே தட்டை முகம்தான் அவற்றின் குறையும் ஆகும். உள்ளே நமக்குக் கிடைத்த தாராளமான இடம், முன்னால் இருக்க வேண்டிய காப்பிலிருந்து எடுத்துத் தரப்பட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாங்கள் அவரை மாமு என்று அழைப்போம். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டியவர். விளக்கில்லாமல் சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் ஓர் இரவு அவர் வண்டி மோதியது. வேகம் அதிகமில்லை, பெட்டிகளில் இருந்த மீன்கூடச் சிதறவில்லை. ஆனால் அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இன்று அவர் பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். அவரிடம் ஒருமுறை பழைய வேன்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். கோபமின்றிச் சொன்னார்: "நல்ல வண்டி தம்பி. சுமை இழுக்கும், பழுது வந்தால் நானே பார்த்துக்கொள்வேன். ஆனால் எனக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஜாண் இரும்பு கூடுதலாக இருந்திருக்கலாம்."

அந்த ஒரு ஜாண் இரும்பைத்தான் புதிய வடிவங்கள் தருகின்றன.

புதியவை தருவதும் எடுப்பதும்

மெட்டடாருக்குப் பின் நம் சாலைகளை ஆண்டது டிராவலர். மெர்சிடிஸ் நிறுவனம் 1977 முதல் ஜெர்மனியில் தயாரித்த ஒரு வேனைத் தழுவி, பஜாஜ் டெம்போ அதை 1987இல் இங்கே கொண்டுவந்தது. முன்னால் குட்டையான மூக்கு. எஞ்சினின் பெரும்பகுதி அதற்குள் சென்றுவிட்டதால் உள்ளே வெப்பமும் இரைச்சலும் குறைந்தன. ஆனால் ஆற்றல் பின்சக்கரத்துக்குச் செல்வதால் அடியில் தண்டு வந்தது, தளம் உயர்ந்தது, படி கூடிற்று. நிமிர்ந்து நிற்கும் உயரம் கொண்ட வண்டிகளும் வந்தன. ஏறுவதற்கு மட்டும் மூதாட்டிகள் கைப்பிடியைத் தேடினார்கள்.

அதற்கும் பின்னால், அண்மை ஆண்டுகளில் அர்பேனியா வந்திருக்கிறது. மேலுடலும் அடிச்சட்டமும் ஒரே கூடாகக் கட்டப்பட்ட அமைப்பு, ஓட்டுநருக்கும் பக்கத்தில் அமர்பவருக்கும் காற்றுப்பை, வளைவில் வண்டி தடுமாறாமல் காக்கும் மின்னணுக் கருவி, ஒவ்வொருவர் தலைக்கு மேலும் குளிர்காற்றுத் துவாரம், சாய்ந்துகொள்ளும் இருக்கை என எல்லாம் இருக்கின்றன. அகன்ற கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. ஆனால் அதைத் திறக்க இயலாது. கடலூரைத் தாண்டும்போது வரும் உப்புக் காற்று உள்ளே வருவதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. புதிய வண்டிகளில் எல்லாரும் முன்னோக்கியே அமர்கிறோம். ஒருவர் முதுகை மற்றவர் பார்க்கிறோம். ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கொரு காதுக்கருவி. பாட்டனார் ஒரு கதையைத் தொடங்கினாலும் மூன்றாம் வரிசைக்கு எட்டாது. அத்தா இழந்தது இதைத்தான். பேச்சைத்தான் அவர் ஆம்னியின் பெயரால் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை நான் உணர்ந்தேன்.

ஆயினும் முன்னோக்கி அமர்வதற்கும் காரணம் இருக்கிறது. நீளவாட்டில் பக்கவாட்டாக அமர்ந்திருப்பவரை இடுப்புப் பட்டை சரிவரக் காப்பதில்லை. திடீரென்று பிரேக் போட்டால் அவர் பக்கத்தில் இருப்பவர் மீது சாய்வார். கீழே பாயில் அமர்ந்த பிள்ளைக்கோ பிடிமானமே இல்லை. எங்கள் காலத்தில் எஞ்சின் மூடியின் மீது பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். வண்டியிலேயே சிறந்த இருக்கை அதுதான் என்று நாங்கள் போட்டி போட்டோம். கண்ணாடிக்கு மிக அருகில் இருந்ததும் அதுதான்.

சமையலறையோடு வரும் வண்டி

இப்போது நம் நாட்டிலும் கேரவன் என்ற பெயரில் படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் அமைந்த வண்டிகள் வருகின்றன. கேரள அரசு 2021இல் இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. அவ்வாண்டு அங்கே காட்சிக்கு வந்த கேரவன், நம் சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸ் வண்டியின் மீது கட்டப்பட்டது.

இதில் பாராட்டத்தக்க ஒன்றை நான் முதலில் சொல்லிவிட வேண்டும். அது கழிப்பறை. பழைய பயணங்களை நினைத்து மகிழும் ஆண்கள், அந்த நாட்களில் நம் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் அருந்தாமலே வந்தார்கள் என்பதை நினைப்பதில்லை. என் தாயாரிடம் அந்தப் பயணங்களைப் பற்றிக் கேட்டால், புளியந்தோப்பைச் சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்கிறார். ஒளூ செய்ய ஓர் இடம், மறைவான ஓர் அறை என்பவை பெண்களுக்கு ஆடம்பரம் அல்ல.

ஆனால் அந்த கேரவன்கள் இருவரையோ நால்வரையோ கருத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. பாட்டி, பேரப்பிள்ளை, அத்தை, மருமகள் என 14 பேர் செல்லும் குடும்பத்துக்கு அதில் இடமில்லை. நம் குடும்பத்தின் அளவுக்கு ஏற்ப, தாழ்ந்த படியும், காப்பும், கழிப்பறையும் கொண்ட ஒரு வண்டியை நம் நாட்டு ஆலைகளே வடிவமைக்கலாகாதா என்று எண்ணுவதுண்டு. அசோக் லேலண்டு 2013இல் ஸ்டைல் என்ற குடும்ப வேனை வெளியிட்டது. விற்பனையின்றி 2015இல் அது நின்றுவிட்டது. லாரியைக் கட்டத் தெரிந்த கைகளுக்கு இதுவும் ஒரு நாள் கைகூடும் என்று நம்புகிறேன்.

என்ன செய்யலாம்?

இவ்வாண்டு எங்கள் இல்லத்தில் ஒரு முடிவு ஏற்பட்டது. வாடகை சற்றுக் கூடினாலும் மூக்குள்ள புதிய வண்டியே எடுத்தோம். அத்தாவிடம் நான் வாதாடவில்லை. "உங்களோடு வருபவர்களில் 5 பேர் சிறு பிள்ளைகள், அத்தா. அவர்கள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம்," என்று மட்டும் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அப்படியானால் நான் பிள்ளைகள் வரிசையில்தான் உட்காருவேன்," என்றார். அப்படியே உட்கார்ந்தார். பரங்கிப்பேட்டை வரும்வரை அவர் சொன்ன கதைகளில் பாதி எனக்கே புதியவை.

வாசக அன்பர்களும் இவ்வாறு புறப்படுவீர்களானால், அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்ல விழைகிறேன்.

ஆட்களின் எண்ணிக்கையை முதலில் கணக்கிடுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மேக்ஸி கேப் என்பது ஓட்டுநர் நீங்கலாக 12 பேர்வரை ஏற்றக்கூடியது. 14 பேர் என்றால் அதைவிடப் பெரிய வண்டியே வேண்டும். மடியில் இருவர், கீழே மூவர் என்று ஈடுகட்டலாகாது.

வண்டியை நேரில் சென்று பாருங்கள். ஒவ்வோர் இருக்கைக்கும் பட்டை இருக்கிறதா, அது பூட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் அது உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். படி உயரமாக இருந்தால் உறுதியான ஒரு மரப்பலகை முக்காலியை உடன் எடுத்துச் செல்லுங்கள். என் தாயாருக்கு நாங்கள் செய்தது அதுவே. அவர் மெட்டடாரில் ஏறிய எளிமையோடு ஏறினார்.

எரிவாயு உருளையை வண்டிக்குள் ஏற்றாதீர்கள். 2023 ஆகஸ்டில் மதுரை இரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், சட்டவிரோதமாகக் கொண்டுவந்த உருளையால் மூண்ட தீயில் 9 யாத்திரிகர்கள் உயிரிழந்ததை மறக்கலாகாது. பிரியாணியை வீட்டிலேயே சமைத்துத் தேக்சாவோடு எடுத்துச் செல்லலாம், சுவை குன்றாது.

ஓட்டுநரும் மனிதர். நாம் உறவினர் வீட்டில் உறங்கும்போது அவருக்கும் ஒரு பாயும் விசிறியும் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். உறங்காத ஓட்டுநருக்கு எந்த மூக்கும் எந்தக் காற்றுப்பையும் ஈடாகா.

இறுதியாக, இருக்கைகள் எதிரெதிரே இல்லாவிட்டாலும், இறங்கும் இடங்களில் வட்டமாக அமருங்கள். ஒரே தட்டில் உண்ணுங்கள். பெரியவரைப் பிள்ளைகளின் நடுவில் அமர்த்துங்கள். மெட்டடார் நமக்குத் தந்த இன்பத்தில் பெரும்பகுதி நாமே கொண்டுசென்றதுதான். அதைப் புதிய வண்டியிலும் ஏற்றிச் செல்ல இயலும். ஆனால் பழைய வண்டியிடம் இல்லாத காப்பை எத்தனை அன்பு வைத்தாலும் அதனிடமிருந்து பெற இயலாது. பயணம் புறப்படும் ஒவ்வொரு குடும்பமும் சென்றபடியே நலமாக வீடு திரும்ப வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.